ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எந்த மலை: ரிஞ்சானியா, சிவனொளிபாதமா, கினபாலுவா?

அறுபது என்றால் யோசிக்கவே வேண்டாம். திருக்கடையூரில் தேதி வாங்கி, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, கட்டியவரே இன்னொரு முறை தாலி கட்ட, பிள்ளைகள் போட்டோ எடுக்க, முடிந்தது. ஐம்பதுக்கு எங்கள் வீட்டில் அப்படி வழக்கம் எதுவும் கிடையாது. சிங்கப்பூருக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் நான் போன ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துகள் எல்லாம் ஒரே அச்சு: ஓட்டல் பஃபே, ஐந்தும் பூஜ்யமுமாக இரண்டு தங்க நிற பலூன், ஒன்பது மணிக்குக் கேக். அடுத்த ஏப்ரலில் என் முறை. "பலூன் வேண்டாம், நான் ஒரு மலை ஏறப் போகிறேன்" என்று ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். வீட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். "எந்த மலை?" என்றார். அதற்குப் பதில் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது.

என் நிலவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். பிறந்தநாள் சித்திரை முதல் வாரத்தில். ஆபீசில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு கேட்க முடியாது. கூட வருகிறவர்கள் இரண்டு பேர்: பதினைந்து வயதுப் பையன், வலது முட்டியில் சவ்வு கிழிந்து போன வருடம்தான் பிசியோதெரபி முடித்த வீட்டுக்காரர். நானும் மலையேறிப் பழகியவள் இல்லை. சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த இடங்களில் உயரமானது புக்கிட் தீமா, அதுவே 163 மீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி இறங்கி, வரும் வழியில் பரோட்டா சாப்பிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு உடற்பயிற்சி என்று பெயர்.

ஏப்ரல் என்றதுமே சில மலைகள் தாமாக விலகிக்கொண்டன. ஃபூஜி 3,776 மீட்டர். ஏறுகிற பருவம் ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர் முதல் பாதியோடு முடிந்துவிடும். ஏப்ரலில் உச்சியில் பனி. ஆடி, ஆவணியில் பிறந்தவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் 2025 முதல் ஏறுவதற்கு ஆளுக்கு 4,000 யென் கட்டணம் உண்டு, மலைக்குடிலில் படுக்கை பதிவு செய்யாமல் பின்மதியம் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஏப்ரல் நல்ல பருவம்தான். 5,364 மீட்டர் உயரத்துக்கு உடம்பைப் பழக்கிப் பழக்கி நடக்க வேண்டியிருப்பதால் போய்வர இரண்டு வாரம் ஆகும். என் லீவுக் கணக்கில் அதற்கு இடமில்லை.

இடையில் ஈரோட்டிலிருந்து அண்ணன் போன். "அம்மிணி, இனி உனக்கு வெள்ளியங்கிரி ஏறத் தடையில்லை. கெளம்பி வா." பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலை தாண்டிச் சிவனைப் பார்க்கிற யாத்திரை. பிப்ரவரி முதல் மே வரை விடுகிறார்கள், ஆக ஏப்ரலுக்குப் பொருந்தும். அண்ணன் பதினேழு தடவை போயிருக்கிறார். வயதுப் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். சின்ன வயதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவர் கொண்டுவரும் விபூதிதான். கால் திடமாக இருந்தபோது வராதே என்றுவிட்டு, முட்டி தேய ஆரம்பித்ததும் வா என்பது என்ன கணக்கோ. 2024இல் அங்கே ஏறும்போதே மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றி அடுத்தடுத்துச் செய்தி வந்ததும் மனதில் இருக்கிறது. என்றாவது அண்ணனோடு போவேன். பிறந்தநாளுக்கு வேண்டாம்.

கடைசியில் மிஞ்சியவை மூன்று.

ரிஞ்சானிதான் முதல் ஆசை. இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் இருக்கிறது. 3,726 மீட்டர், அந்த நாட்டின் எரிமலைகளில் உயரத்தில் இரண்டாவது. 1257இல் இந்த மலையின் பாதி வெடித்துச் சிதறியது. கடந்த ஓராயிரம் ஆண்டுகளில் பூமி பார்த்த மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. வெடித்த குழியில் இப்போது ஓர் ஏரி. பெயர் செகாரா அனாக், கடலின் பிள்ளை என்று பொருள். அந்த நீலத்தை ஒரு தடவை போட்டோவில் பார்த்தால் போதும், விமான டிக்கெட் விலையைத் தேட ஆரம்பித்துவிடுவோம். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை மூடி வைத்து ஏப்ரலில்தான் திறப்பார்கள் என்பதால் தேதியும் ஒத்து வந்தது. செலவும் மூன்றில் நடுத்தரம்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி இரண்டு வருடத்துக்கு முன் போய்வந்தவள். மதிய இடைவேளையில் தேக்கா பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய் விசாரித்தேன். செம்பாலுன் கிராமத்திலிருந்து புல்வெளியில் ஆரம்பிக்கிற நடை முதலில் சுகமாகத்தான் இருக்குமாம். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு குன்றுகள். உள்ளூர்க்காரர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயரே 'வருந்தும் குன்றுகள்'. ஏன்டா வந்தோம் என்று ஒவ்வொன்றிலும் வருந்த வேண்டுமாம். ஏழு மலை கணக்கு அங்கேயும் துரத்துகிறதே என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி 2,639 மீட்டரில், எரிமலை வாயின் விளிம்பில் கூடாரம். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து உச்சிக்கு. இங்கே தோழி பேச்சை நிறுத்தி, மேசைமேல் இருந்த உப்புக் கிண்ணத்தைச் சாய்த்துக் குவித்து, அதில் இரண்டு விரலை நடக்க விட்டாள். விரல் ஏற ஏற உப்பு சரிந்து கீழே வந்தது. "இதான் கடைசி ரெண்டு மணி நேரம். ரெண்டடி வெச்சா ஒரு அடி கீழ போயிருவ." சாம்பலும் பொடிக்கல்லும் கலந்த சரிவு. இறங்கும்போது கால் விரல் ஷூவின் முன்பக்கத்தில் மோதிக்கொண்டே இருந்ததில் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் கழன்று விழுந்ததாம்.

அவள் சொன்னதில் நல்லதும் இருந்தது. மூங்கில் கம்பின் இரண்டு முனையிலும் கூடையைத் தொங்கவிட்டு, ரப்பர் செருப்போடு ஓடுகிற போர்ட்டர்கள் மேலே போய் நாசி கோரெங் என்ற வறுத்த சோறும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயும் சுடச்சுடச் சமைத்துத் தருவார்கள். சைவக்காரர்களுக்கு டெம்பே ஒரு வரம். ஆனால் கழிவறை என்பது ஒரு குழி, அதைச் சுற்றி ஒரு துணி. ஐம்பது வயதில் இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அவர் ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தயக்கம் வேறு. 2018 ஜூலை இறுதியில் வந்த நிலநடுக்கத்தில் வழியெல்லாம் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மேலே சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூனில் உச்சிக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் உடலை மேலே கொண்டுவர நான்கு நாள் ஆனது. விபத்து எந்த மலையிலும் நடக்கும். ஆனால் விழுந்தவரை எடுக்கவே நாள்கணக்கில் ஆகும் சரிவில், முட்டி சரியில்லாத ஒருவரையும் பதினைந்தே வயதான ஒருவனையும் என் பிறந்தநாளுக்காக நிறுத்தலாமா? பையன் மட்டும் இன்னும் ரிஞ்சானி கட்சிதான். அவன் தன் இருபத்தைந்துக்குப் போகட்டும்.

இரண்டாவது, இலங்கையின் சிவனொளிபாதமலை. இதை நான் ஏற்கனவே ஏறியிருக்கிறேன், எட்டு வருடத்துக்கு முன், ஹட்டன் பக்கத்துத் தோழி ஒருத்தியோடு. 2,243 மீட்டர். உச்சியில் பாறையில் இருக்கும் பாதச்சுவடு சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை பருவம். நல்லதண்ணி என்ற அடிவார ஊரிலிருந்து ராத்திரி ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள், வழி நெடுக விளக்கு, தேநீர்க் கடை. இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோத்துச் சார்த்துவது வழக்கம். கைப்பிடிக் கம்பியெல்லாம் வெள்ளை நூல் சுற்றிச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் பனி படிந்து மினுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி வெறுங்காலோடு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தார். நான் மூன்று தடவை அவரைத் தாண்டினேன், மூன்று தடவையும் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும்போது அவர் என்னைத் தாண்டினார். மேலே ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். நான் ஒரு தடவை அடித்துவிட்டு ஒதுங்கினேன். அந்தப் பாட்டி அடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றிலும் இதுதான் மலிவு. கட்டாயக் கைடு இல்லை, ஆறு மாதத்துக்கு முன் படுக்கை பிடிக்கும் அவஸ்தை இல்லை. உயரத்தால் தலைவலி வரும் அளவுக்கு உயரமும் இல்லை. பாதியில் முடியாவிட்டால் அந்த இடத்திலேயே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அப்பா அம்மாவோடு, சிறு பிள்ளைகளோடு பிறந்தநாள் மலை ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். வார இறுதியும் போயா எனும் பௌர்ணமி நாளும் மட்டும் தவிருங்கள். படியில் கூட்டம் அடைத்துக்கொண்டால் மணிக்கணக்கில் நகராது, விடிந்தபின் மேலே போய்ச் சேருவீர்கள். மலையின் முக்கோண நிழல் மேற்குப் பக்கம் பஞ்சு மூட்டத்தின்மேல் விழுவதைப் பார்க்கத்தானே அவ்வளவு படி?

பிறகு ஏன் நான் அதை எடுக்கவில்லை? அங்கே எனக்கு என் பிறந்தநாள் ஞாபகம் வராது. ஆயிரம் பேர் வேண்டுதலோடு ஏறும் இடத்தில் என் ஐம்பது ஒரு விஷயமே இல்லை. அது அந்த மலையின் குறை அல்ல, அதன் சிறப்பு. எனக்கோ இந்த ஒரு தடவை கொஞ்சம் வீம்பு வேண்டியிருந்தது.

அந்த வீம்புக்குச் சரியாக வந்தது கினபாலு. மலேசியாவின் சபா மாநிலத்தில், சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணி நேர விமானப் பயணத்தில், 4,095 மீட்டர். நூறு ரிங்கிட் நோட்டின் பின்பக்கம் பார்த்தால் இந்த மலை இருக்கும். 2000இல் மலேசியாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த உலக மரபுரிமைத் தலங்களில் கினபாலு பூங்காவும் ஒன்று. திம்போஹோன் வாசலில், 1,866 மீட்டரில், நடை தொடங்குகிறது. ஆறு கிலோமீட்டர் ஏறினால் 3,272 மீட்டரில் லாபான் ராட்டா. அங்கே கூரை, கட்டில், சூடான சாப்பாடு, கதவுள்ள கழிவறை. மறுநாள் அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பி மீதி 2.7 கிலோமீட்டர். சாயாட் சாயாட் சோதனைச் சாவடி தாண்டியபின் மரம் செடி கிடையாது. பனியுகத்தில் பனியாறு தேய்த்துவிட்ட ஒரே கருங்கல் வெளி. அதன்மேல் வெள்ளைக் கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

குறைகளையும் சொல்கிறேன். விலைதான் முதல் குறை. தினமும் இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று வரம்பு இருக்கிறது, கைடு கட்டாயம், லாபான் ராட்டாவில் ஒரு ராத்திரிப் படுக்கைக்கு நல்ல நட்சத்திர ஓட்டல் காசு ஆகிறது. மூன்று மலையிலும் இதுதான் அதிகம், சந்தேகமே வேண்டாம். இரண்டாவது, உயரம். கடல் மட்டத்தில் வாழ்கிற நாம் ஒரே நாளில் 3,272 மீட்டருக்குப் போய்ப் படுத்தால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். முந்தைய இரவு 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் பூங்காத் தலைமையகத்திலேயே தங்கிவிடுவது கொஞ்சம் உதவும். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

மூன்றாவதைச் சிங்கப்பூரில் இருக்கும் யாரும் தாண்டிப்போக முடியாது. 2015 ஜூன் 5ஆம் தேதி நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் இங்கிருந்து பள்ளிச் சுற்றுலா போயிருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது என் பையனுக்கு விவரம் தெரியாத வயது. கினபாலு என்று சொன்னதும் என் பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒரு நொடி பேசாமல் இருந்தார். அப்புறம், "மேலே போனால் சத்தம் போடாமல் நடங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த மண்ணின் கடசான் டூசுன் மக்களும் இறந்த முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம் என்றே அதை மதிக்கிறார்கள். நிலநடுக்கத்தில் பழைய வழி பெயர்ந்து போனதால் உச்சிக்குப் போகும் தடத்தைப் புதிதாகப் போட்டார்கள். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் கினபாலு? ஏற்றத்தை வைத்துத்தான் நாங்கள் மூன்றையும் முதலில் ஒப்பிட்டோம். எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம், யார் எவ்வளவு ஏறுவார். வீட்டுக்காரரின் பிசியோதெரபிஸ்ட் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இறங்குவதை எழுதவே இல்லையே" என்றார். அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை முட்டியில் போய் விழும், அது நின்றாலும் போகாது. தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் இறக்கத்தை எழுதினோம். சிவனொளிபாதம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர், முழுக்கப் படி. ரிஞ்சானி, இரண்டு நாள் திட்டமென்றால், உச்சியிலிருந்து செம்பாலுன் வரை ஒரே நாளில் ஏறக்குறைய 2,500 மீட்டர், அதில் முதல் பகுதி சறுக்கு. கினபாலு ஒரே நாளில் 2,229 மீட்டர். இதன்படி பார்த்தால் கினபாலுவும் தோற்க வேண்டியதுதான்.

ஆனால் கினபாலுவில் அந்த இறக்கத்தை உடைக்க முடியும். உச்சியிலிருந்து 823 மீட்டர் இறங்கி லாபான் ராட்டாவில் இன்னோர் இரவு தங்கிவிட்டால், மீதி 1,406 மீட்டரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஒரே இரவுத் திட்டம்தான் எடுக்கிறார்கள். இரண்டு இரவுக்குச் செலவு ஏறும், இடம் கிடைப்பதும் சிரமம். ஐம்பது பேருக்குப் பஃபே போட்டால் ஆகும் காசைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைவிட இது குறைவு.

இன்னொன்று, அங்கே ஆளாளுக்கு ஓர் உச்சி இருக்கிறது. வீட்டுக்காரர் லாபான் ராட்டாவோடு நின்றுகொள்வதாக இப்போதே சொல்லிவிட்டார். அவர் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் மைலோ குடித்துக்கொண்டு மேகத்தைப் பார்க்கலாம். உச்சி தொட்டவர்களுக்கு வண்ணச் சான்றிதழும், அதற்குக் கீழே நின்றவர்களுக்குக் கறுப்பு வெள்ளையும் தருவார்களாம். தனக்குக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும், பழைய சிவாஜி படம் மாதிரி இருக்கும் என்கிறார்.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு நாங்கள் பட்டதில் இரண்டு. ஒரு கைடு பல பேரைக் கூட்டிப்போகலாம் என்பதால் மூன்று பேருக்கு ஒருவர் போதும் என்பார்கள். எங்களில் ஒருவர் பாதியில் திரும்பினால் மற்றவர் என்ன செய்வது? அதனால் கூடுதலாக ஒரு கைடுக்குக் காசு கட்டியிருக்கிறோம். அப்புறம் பயணக் காப்பீடு. ஒரு நிறுவனத்தின் பாலிசியை வாங்கிப் பணமும் கட்டியபிறகு சின்ன எழுத்தைப் படித்தால், மலையேற்றத்துக்கு 3,000 மீட்டர் வரைதான் பொறுப்பு என்று இருந்தது. அதாவது லாபான் ராட்டா கட்டில்கூட அதற்கு வெளியே. ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்க ஆறு வாரம் ஆனது. வாங்கும் முன்னே, உயர வரம்பு எத்தனை, மீட்புச் செலவு உண்டா என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் படிக்கட்டில்தான். இருபத்தைந்து மாடி. இங்கே மலைக்குத் தயாராகிற எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் முதல் மாதம் செய்தோம்: படியில் ஏறுவது, லிஃப்டில் இறங்குவது. இப்போது தலைகீழ். வாரத்தில் இரண்டு நாள் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குகிறோம். முதல் நாள் ஆறு தடவை இறங்கிவிட்டு மறுநாள் காலை கழிவறையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது வாரத்தில் பன்னிரண்டு தடவை ஆகிவிட்டது. பதினான்காம் மாடியில் ஒரு சீனத் தாத்தா தினமும் கதவைத் திறந்து வைத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நாங்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறோம், ஏறுவதை அவர் பார்த்ததே இல்லை. போன வாரம் பையனை நிறுத்தி, "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாம் சரியாக நடந்தால் பிறந்தநாள் காலை ஆறு மணி வாக்கில் உச்சியில் நிற்பேன். சபாவில் சீக்கிரம் விடிந்துவிடும். ஈரோட்டில் அப்போது மணி மூன்றரை, அம்மா தூக்கத்தில் இருப்பார். வருடா வருடம் ஐந்தரைக்கு எழுந்து, பல் விளக்குவதற்கு முன்னால் எனக்குத்தான் முதல் போன் போடுவார். "எங்க கண்ணு இருக்கிற, ஒரே காத்துச் சத்தமா இருக்குது" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சபாவுக்குச் சுற்றுலா போகிறோம் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். மலை விஷயத்தைத் திம்போஹோன் வாசல் வந்து சேர்ந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.